பிள்ளைக்கு என்ன வாங்கிக் கொடுக்கலாம்?



பொங்கல் வருகிறது, நத்தார் வருகிறது, பெருநாள் வருகிறது, இவற்றிடையே வீட்டுக்கொரு பிறந்தநாளும் வருகிறது. அப்பொழுதெல்லாம், "பிள்ளைக்கு என்ன வாங்கிக் கொடுக்கலாம்?" என்ற கேள்வி எழுகின்றது. உடுப்பு வாங்குகிறோம்; இனிப்பு வாங்குகிறோம். அறிவுக்கும் ஏதாவது வாங்கவேண்டுமென்று எண்ணும் பெற்றோர் இக்காலத்திலே பலர். அவர்கள் கடைக்குச் சென்று, விஞ்ஞான விளையாட்டுப் பொருள் உண்டா என்று கேட்கிறார்கள். கடைக்காரர் பெரியதொரு பெட்டியை எடுத்து முன்னே வைக்கிறார். பெட்டியின் மேலே கோள்களும் விண்மீன்களும் பளபளக்கின்றன. விலையும் அந்தப் பளபளப்புக்கு ஏற்றதாகவே இருக்கிறது.

அத்தகைய பெட்டியொன்றை நானும் வாங்கினேன். என் மகளின் மகனுக்கு ஐந்து வயது நிறைந்த நாள் அது. நான் வாங்கியது மின்கலத்தால் இயங்கும் சூரிய குடும்பம். விசையை அழுத்தினால் நடுவிலே சூரியன் ஒளிரும், கோள்கள் சுற்றும், இடையிடையே இசையும் எழும். பிள்ளை அரைமணி நேரம் வியப்போடு பார்த்திருந்தான். பின்பு என்னிடம் வந்து, "அம்மப்பா, இது தானே சுத்துது. நான் என்ன செய்யிறது?" என்று கேட்டான்.

நேயர்களே, நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியத் தொழிலில் இருப்பவன்; இன்று ஓர் அரசாங்கப் பாடசாலையின் அதிபர். பிள்ளைகள் கேட்கும் கேள்விகளுக்கு விடை சொல்லிப் பழகிய வாய் எனக்கு. ஆயினும் அந்த ஐந்து வயதுப் பிள்ளையின் கேள்விக்கு என்னிடம் விடை இருக்கவில்லை. "நான் என்ன செய்யிறது?" என்ற அந்தக் கேள்வியே இன்றைய பேச்சுக்குப் பொருள்.

முதலிலே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் விஞ்ஞானம் படித்தவன் அல்லன். தமிழும் வரலாறும் படித்த கலைப்பட்டதாரி. ஆகவே விஞ்ஞானி ஒருவரின் உபதேசமாக இதனைக் கொள்ளவேண்டாம். பிள்ளைகளை நெடுங்காலம் பார்த்துக்கொண்டிருந்த ஒருவன் கண்டவை இவை என்று கொள்ளுங்கள். உங்களிலே பலரும் என்னைப் போலவே விஞ்ஞானம் அதிகம் படியாதவர்களாக இருக்கலாம். அதனால் யாதொரு குறையும் இல்லை என்பதைப் பேச்சின் முடிவுக்குள் காட்டிவிடலாமென்று நம்புகிறேன்.

விளையாட்டுப் பொருள்களை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். பொருள் வேலை செய்யப் பிள்ளை பார்த்திருப்பது ஒருவகை. பிள்ளை வேலை செய்யப் பொருள் உதவி நிற்பது மற்றொரு வகை. முதல்வகைப் பொருள் பிள்ளையைப் பார்வையாளன் ஆக்குகிறது. இரண்டாம் வகைப் பொருள் அவனை ஆராய்பவன் ஆக்குகிறது. விஞ்ஞானத்துக்கு வேண்டியது இரண்டாவது. கடையிலே ஒரு பொருளைக் கையில் எடுத்தவுடன், "இதைக் கொண்டு பிள்ளை என்ன செய்வான்? நாளைக்கு என்ன செய்வான்? அடுத்த மாதம் என்ன செய்வான்?" என்று கேட்டுப் பாருங்கள். மூன்று கேள்விக்கும் விடை இருந்தால் வாங்குங்கள். விசையை அழுத்துவான் என்பது மட்டுமே விடையானால், திரும்ப வைத்துவிடுங்கள்.

பெரியவர்களின் வரலாற்றிலும் இதற்குச் சான்று உண்டு. 1879ஆம் ஆண்டு பிறந்த அல்பேட் ஐன்ஸ்ரைன், நான்கு அல்லது ஐந்து வயதுப் பிள்ளையாக இருந்தபோது, தந்தையார் அவருக்கு ஒரு திசையறிகருவியைக் காட்டினார். பெட்டியை எப்படித் திருப்பினாலும் உள்ளேயிருந்த ஊசி ஒரே திசையைக் காட்டி நின்றது. ஊசியைத் தொடுவார் எவருமில்லை. ஆயினும் ஏதோ ஒன்று அதனைப் பிடித்திழுக்கிறது. அந்த வியப்பு அவரை விட்டு நீங்கவில்லை. அறுபத்தேழு வயதிலே தம் வரலாற்றுக் குறிப்பை எழுதியபோதும் அந்த ஊசியை மறவாமல் எழுதினார். திசையறிகருவியில் இசை இல்லை, விளக்கு இல்லை. பிள்ளை திருப்பினால்தான் அது ஏதாவது சொல்லும். அதுவே அதன் சிறப்பு.

இன்னொரு சான்று நமக்கு அயலிலே உள்ளது. 1908ஆம் ஆண்டளவிலே பம்பாயில் ஒரு சிறுவன் விளையாட்டுத் துப்பாக்கியாற் குருவியொன்றைச் சுட்டான். விழுந்த குருவியின் கழுத்திலே மஞ்சள் நிறத் தீற்று ஒன்று இருந்தது. அது என்ன குருவி என்று தாய்மாமனைக் கேட்டான். மாமனுக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லி அவர் பையனைத் துரத்திவிடவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்கு அனுப்பிவைத்தார். அங்கே செயலாளராக இருந்த மில்லாட் என்ற ஆங்கிலேயர் அந்தச் சிறுவனைப் பெரிய மனிதர் ஒருவரைப் போல வரவேற்றார். குருவியின் பெயரைச் சொன்னார். அலுமாரிகளைத் திறந்து, பாடஞ்செய்து வைத்திருந்த பறவைகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். படிக்கப் புத்தகமும் கொடுத்தார். அந்தச் சிறுவனே பிற்காலத்தில் இந்தியாவின் பறவை அறிஞராய்ப் புகழ்பெற்ற சலீம் அலி. ஒரு பெரியவர் தம் நேரத்திலே சிறிதளவைக் கொடுத்தார். அன்றைய பரிசு அதுவே.

ஆகவே பரிசு என்பது பொருள் மட்டுமன்று. பொருளும், அருகே ஒரு பெரியவரும், கேட்பதற்கு அனுமதியும் சேர்ந்ததே முழுமையான பரிசு. இந்த மூன்றில் மலிவானது பொருள்.

இனி எந்தப் பொருளை வாங்கலாம் என்பதைப் பார்ப்போம்.

முதலிடம் கைவில்லைக்கு. பொருளைப் பெருப்பித்துக் காட்டும் கண்ணாடி என்று வீட்டிலே சொல்வோமே, அதுதான். நான்கு ஐந்து வயதுப் பிள்ளைக்கு இரண்டு அல்லது மூன்று மடங்கு பெருப்பிக்கும் அகன்ற வில்லை போதும். ஏழு எட்டு வயதாகும்போது பத்து மடங்கு பெருப்பிக்கும் சிறிய மடக்கு வில்லை கொடுக்கலாம். அதைப் பிடிக்கும் முறையைக் கற்பிக்கவேண்டும். வில்லையைக் கண்ணுக்கு அருகே வைத்துக்கொண்டு, பொருளை மெல்ல மெல்ல வில்லையை நோக்கிக் கொண்டுவரவேண்டும். கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு, தெரியவில்லை என்று கைவிடும் பிள்ளைகளே அதிகம்.

வில்லை வந்துவிட்டால் வீடு முழுவதும் புதிதாகிவிடும். சமையலறை உப்பை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு மணியும் சதுர முகங்களோடு சின்னஞ்சிறு பெட்டி போல இருக்கும். ஆனையிறவு உப்புக் கல்லிலே அதே வடிவம் பெரிதாகவே தெரியும். கடற்கரை மணலை எடுத்துப் பாருங்கள்; வெள்ளை என்று நினைத்த மணலிலே கண்ணாடி போன்ற மணியும், தேன் நிற மணியும், கறுப்பு மணியும், சிப்பித்துண்டும் இருக்கும். எறும்பின் முகம், வெங்காயத்தோல், வேப்பம்பூ, தன் விரல் ரேகை எல்லாவற்றையும் பிள்ளை பார்ப்பான். வாங்கியது ஒரு பொருள்; பார்க்கக் கிடைத்தவை நூறு.

அடுத்தது காந்தம். கைக்கடக்கமான பெரிய காந்தமாக வாங்குங்கள். எது ஒட்டும், எது ஒட்டாது என்று பிள்ளை வீடெல்லாம் திரிந்து பார்க்கட்டும். கரண்டி ஒன்று ஒட்டும், மற்றொன்று ஒட்டாது. ஏன் என்று கேட்பான். தையல் ஊசியைக் காந்தத்தால் ஒரே திசையில் இருபது முப்பது முறை தடவி, ஒரு சிறிய இலைமேல் வைத்து நீரிலே மிதக்கவிட்டால், அது வடக்குத் தெற்காகத் திரும்பி நிற்கும். ஐன்ஸ்ரைன் கண்ட வியப்பை நம் வீட்டுக் கோப்பையிலேயே காணலாம். ஊசியைக் கையாளுவது மட்டும் பெரியவர் வேலையாக இருக்கட்டும்.

காந்தத்தைக் கடற்கரைக்கும் கொண்டு போகலாம். மணலிலே கறுப்பு வரிகள் படிந்திருக்கும் இடத்தில் வலிய காந்தத்தை வைத்தால் சில மணிகள் ஒட்டிக்கொண்டு வரும். நமது கீழ்க்கரையிலே புல்மோட்டை மணல் பெயர்பெற்றது. அங்கே இல்மனைற்று என்ற கறுப்புக் கனியத்தைக் காந்த விசையைக் கொண்டே மற்ற மணலிலிருந்து பிரித்தெடுக்கிறார்கள். அந்தக் கறுப்பு மணலிலிருந்து பெறப்படும் தைத்தேனியம் என்ற மூலகமே வெள்ளைப் பூச்சுக்குரிய நிறப்பொருளில் இருக்கிறது. கறுப்பு மணலிலிருந்து வெள்ளைப் பூச்சு வருகிறது என்று சொல்லிப் பாருங்கள், பிள்ளை நம்பமாட்டான். நம்பாமை நல்லது. விஞ்ஞானம் அங்கேதான் தொடங்குகிறது.

மூன்றாவது மழைமானி. கடையில் வாங்கவும் வேண்டாம். அடியிலிருந்து வாய்வரை ஒரே அகலமுள்ள ஒரு கண்ணாடிக் குவளையும் ஓர் அடிமட்டமும் போதும். குவளையை முற்றத்தின் நடுவிலே, மரநிழலும் கூரைத் தாழ்வாரமும் இல்லாத இடத்தில் வைத்து, காலையிலே நீரின் உயரத்தை மில்லிமீற்றரில் அளந்து, ஒரு கொப்பியிலே பிள்ளை எழுதட்டும். ஒரு மில்லிமீற்றர் மழை என்றால், ஒரு சதுர மீற்றர் நிலத்திலே ஒரு லீற்றர் நீர் விழுந்தது என்பது பொருள். நூறு சதுர மீற்றர் கூரையிலே பத்து மில்லிமீற்றர் மழை பெய்தால் ஆயிரம் லீற்றர். இந்தக் கணக்கைக் கரும்பலகையிலே நான் எழுதினால் வகுப்பிற் பாதி உறங்கும். தன் குவளையிலே பிள்ளை தானே அளந்தால் உறங்கமாட்டான்.

வடபகுதி நேயர்களுக்கு இது விளையாட்டு மட்டுமன்று. குடாநாட்டிலே வற்றாத ஆறில்லை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களிற் பெய்யும் மழையே சுண்ணாம்புக்கல்லின் ஊடாக இறங்கிக் கிணற்று நீராகிறது. மழையை அளந்த பிள்ளை பங்குனி சித்திரையிலே கிணற்றையும் எட்டிப் பார்க்க விரும்புவான். பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டு பார்க்கட்டும். கார்த்திகைக்கும் கிணற்றுக்கும் உள்ள தொடர்பை ஆறு வயதிலே விளங்கிய பிள்ளை, அறுபது வயதிலும் நீரை வீணாக்கமாட்டான். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். அளந்தவுடன் நீரைக் கொட்டிவிடவேண்டும். தேங்கிய நீரிலே நுளம்பு பெருகும். டெங்குக் காய்ச்சல் நாம் அறியாத விருந்தாளி அன்று.

நான்காவது உயிருள்ள பரிசு. நாய்க்குட்டியையோ கூண்டுக்கிளியையோ நான் சொல்லவில்லை. வேலியோரத்துத் தேசிமரத்தைப் பாருங்கள். இளந்தளிரிலே பறவை எச்சம் போன்ற ஒரு சிறு புழு இருக்கும். அது எச்சம் அன்று. எச்சம் போலத் தோன்றிப் பறவையை ஏமாற்றும் புழு. வளர்ந்தபின் அது தோலுரித்துப் பச்சை நிறமாகி இலையோடு இலையாகிவிடும். அப்பொழுது அதை மெல்லத் தொட்டால், தலைக்குப் பின்னிருந்து செம்மஞ்சள் நிறமான இரட்டைக் கொம்பை நீட்டும்; ஒரு நெடியும் வீசும். அதுவும் பகைவரை விரட்டும் உபாயமே.

இந்தப் புழுவை இலையோடு எடுத்து, அகன்ற போத்தலில் விட்டு, வாயை மெல்லிய துணியாற் கட்டி, நாள்தோறும் புதுத் தேசி இலை கொடுத்து வந்தால், சில வாரங்களிற் கூட்டுப்புழுவாகும். அதன்பின் எட்டுப் பத்து நாளிலே கறுப்பும் மஞ்சளும் கலந்த வண்ணத்துப்பூச்சி வெளிவரும். சிறகு காயும்வரை காத்திருந்து, முற்றத்திலே திறந்துவிடவேண்டும். வைத்துக்கொள்ள ஆசைப்படும் பிள்ளைக்கு, திறந்துவிடுவதும் பரிசின் ஒரு பகுதி என்று சொல்லுங்கள். மயிர் அடர்ந்த மயிர்க்கொட்டிகளை மட்டும் தொடவிடாதீர்கள். பட்டால் தடித்துக் கடிக்கும்.

விதைகளும் இவ்வகையின. கண்ணாடிக் குவளையின் உட்புறத்திலே ஈரத்தாளை ஒட்டி, தாளுக்கும் கண்ணாடிக்கும் நடுவே நாலு பயறு வைத்தால், வேர் கீழே போவதையும் முளை மேலே வருவதையும் பிள்ளை பார்க்கலாம். வேர் வந்தபின் குவளையைச் சரித்து வைத்தால், இரண்டொரு நாளில் வேர் வளைந்து மீண்டும் கீழ்நோக்கும். வேருக்குக் கீழ்த்திசை எப்படித் தெரியும்? பிள்ளை கேட்பான். விடை உடனே தெரியவேண்டியதில்லை.

ஐந்தாவது பறவை பார்த்தல். எட்டு ஒன்பது வயதான பிள்ளைக்கு, வசதியுள்ளவர்கள் இருகண் தொலைகாட்டி வாங்கலாம். அதன்மேலே எட்டுப் பெருக்கல் நாற்பது என்பது போல இரண்டு எண் எழுதியிருக்கும். முதல் எண் எத்தனை மடங்கு பெருப்பிக்கும் என்பதையும், இரண்டாவது எண் முன்வில்லையின் அகலம் எத்தனை மில்லிமீற்றர் என்பதையும் குறிக்கும். பிள்ளைக்கு ஏழு எட்டு மடங்குக்கு மேல் வேண்டாம். அதிகமானால் கை நடுக்கமும் அதே மடங்கு பெருகும். வசதி இல்லாதவர்கள் ஒரு கொப்பியும் பென்சிலும் கொடுத்தாலே போதும். புலுனி, செண்பகம், தேன்சிட்டு, மீன்கொத்தி, கொக்கு என்று வீட்டைச் சூழ்ந்தவற்றைப் பிள்ளை எழுதத் தொடங்குவான். மாரிக்கு முன்பாக இந்தியாவிலிருந்து ஆறுமணிக் குருவி வந்து சேரும். காலையும் மாலையும் ஆறு மணியளவிற் கூவுவதால் அதற்கு அந்தப் பெயர். அது முதன்முதல் கூவிய நாளை ஆண்டுதோறும் ஒரு பிள்ளை எழுதி வைத்தால், அது நல்ல விஞ்ஞானம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கடைகளிலே விற்கும் சிறுவர் தொலைகாட்டிப் பெட்டிகளில், ஐந்நூறு மடங்கு, அறுநூறு மடங்கு என்று எழுதியிருப்பார்கள். நம்பவேண்டாம். தொலைகாட்டியின் பயனுள்ள பெருக்கம், அதன் முன்வில்லை எத்தனை மில்லிமீற்றர் அகலமோ அதன் இருமடங்கு அளவே. அறுபது மில்லிமீற்றர் வில்லைக்கு நூற்றிருபது மடங்கு. அதற்குமேல் உருவம் பெருக்கும், தெளிவு கெடும். ஆடுகின்ற காலும் மங்கிய வில்லையும் கொண்ட பெரிய பெட்டியைவிட, நல்லதொரு இருகண் தொலைகாட்டியை மதிலிலே ஊன்றி வைத்துச் சந்திரனைப் பார்ப்பது மேல். சந்திரனின் பள்ளங்கள் தெரியும். வியாழனின் பக்கத்திலே, 1610ஆம் ஆண்டிற் கலிலியோ கண்ட நான்கு துணைக்கோள்களிற் சிலவும் சிறு புள்ளிகளாய்த் தெரியும்.

விளையாட்டு நுணுக்குக்காட்டிகளும் அப்படியே. ஆயிரத்திருநூறு மடங்கு என்று எழுதிய பெட்டியிற் கறுப்பு வட்டமே தெரிந்து, பிள்ளை தன்மேலேயே குறைகண்டு விலகிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். அமெரிக்காவிலே ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்திலே மனு பிரகாஷ் என்ற இந்திய அறிஞரும் அவர் குழுவினரும், கடதாசியை மடித்துச் செய்யும் நுணுக்குக்காட்டி ஒன்றை 2014ஆம் ஆண்டு உலகுக்கு அறிவித்தார்கள். போல்ட்ஸ்கோப் என்பது அதன் பெயர். கண்ணாடி மணி போன்ற ஒரேயொரு சிறு வில்லை. நூற்று நாற்பது மடங்கு பெருக்கம். பிள்ளை தானே மடித்துச் செய்து, தானே குட்டைநீரின் உயிர்களைப் பார்க்கலாம். பொருள் சிறந்ததாக இருப்பதற்கு விலை உயர்ந்ததாக இருக்கவேண்டியதில்லை என்பதற்கு இது சான்று.

இனிப் பாதுகாப்பைப் பற்றிச் சில சொற்கள். இவற்றைப் பெற்றோர் கருத்தோடு கேட்கவேண்டும். மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளையிடம் வாயினுள் முழுதாக அடங்கும் எப்பொருளையும் கொடுக்கலாகாது. சட்டைப் பொத்தான் போன்ற மின்கலங்கள் மிகக் கொடியன. பிள்ளை விழுங்கி அது உணவுக்குழாயிலே சிக்கினால், இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே அவ்விடத்தைப் புண்ணாக்கிவிடும். அரிசிமணி, பயற்றுமணி அளவான வலிய காந்தங்களும் அத்தகையன. இரண்டை விழுங்கினால் அவை குடலின் இரு மடிப்புக்களிலே நின்று ஒன்றையொன்று இழுத்துக் குடலைத் துளைத்துவிடும். இரண்டிலும் தாமதமின்றி வைத்தியசாலைக்குப் போகவேண்டும். விதை சேர்க்கும் பிள்ளைக்குக் குன்றிமணியும் அரளி விதையும் நஞ்சென்று முன்னதாகவே சொல்லிவைக்கவேண்டும்.

சூரியனை வில்லையாலோ தொலைகாட்டியாலோ ஒருகணமும் பார்க்கலாகாது, கண் போய்விடும். ஆனால் சூரியனைப் பார்க்க வேறு வழி உண்டு. 2019ஆம் ஆண்டு மார்கழி 26ஆந் திகதி காலையிலே வடக்கில் வளையச் சூரியகிரகணம் தெரிந்தது நேயர்களுக்கு நினைவிருக்கும். அன்று அயல்வீட்டுப் பிள்ளைகள் எங்கள் முற்றத்து வேப்பமர நிழலிலே நின்று, நிலத்தைப் பார்த்து ஆரவாரித்தார்கள். இலைகளின் இடுக்குகள் ஒவ்வொன்றும் ஊசித்துளை போலாகி, நிலமெல்லாம் சின்னஞ்சிறு ஒளி மோதிரங்களை வீழ்த்தியிருந்தன. ஒரு கடதாசி மட்டையும் அதிலே ஊசியால் இட்ட துளையும் அதே வேலையைச் செய்யும்.

புத்தகத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். பரிசோடு தமிழிலே எழுதிய ஒரு நல்ல அறிவியற் புத்தகத்தையும் சேர்த்துக் கொடுங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் இருந்த வைத்தியர் சாமுவேல் கிறீன் மருத்துவத்தைத் தமிழிலே கற்பித்து, நூல்களையும் தமிழாக்கினார். வைத்தியக் கல்விக்கே போதிய மொழி, ஒரு பிள்ளை வண்டைப் பற்றிப் படிக்கப் போதாதா? இன்னொன்று. தம்பிக்குத் தொலைகாட்டி, தங்கச்சிக்குப் பொம்மை என்று பங்கிடவேண்டாம். புழுவின் கொம்பைப் பார்க்கும் கண்ணிலே ஆண் பெண் என்ற வேற்றுமை இல்லை.

நேயர்களே, கைவில்லைக்கு முதலிடம் என்றேன். அதற்கு வேறொரு காரணமும் உண்டு. அதைச் சொல்லாமல் இந்தப் பேச்சை முடிப்பது நேர்மையன்று.

1995ஆம் ஆண்டு. நான் வலிகாமத்துப் பாடசாலையொன்றில் இளம் ஆசிரியன். என் நாலாம் வகுப்பிலே ஒரு பையன் இருந்தான். கண்ணிற் புரை எடுப்பித்த அவனுடைய பாட்டனார் அணிந்த தடித்த மூக்குக்கண்ணாடியின் வில்லை ஒன்று அவனிடம் இருந்தது. ஒருநாள் நான் பாடம் நடத்திக்கொண்டிருக்க, அவன் யன்னலோரத்திலே வில்லையைப் பிடித்து, வெயிலைக் குவித்து, காய்ந்த பூவரசிலையிலே துளையிட்டுக்கொண்டிருந்தான். புகை எழுந்தது, பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. வில்லையைப் பறித்தேன். "சேர், ஏன் நடுவிலை மட்டும் எரியுது?" என்று அவன் கேட்டான். நான் விடை சொல்லவில்லை. எனக்கு விடை தெரியாது என்பதே உண்மை. "தவணை முடிவிலே வந்து வாங்கு" என்று சொல்லி மேசை இலாச்சியிலே போட்டுவிட்டேன்.

அந்தத் தவணை முடியவில்லை. ஐப்பசி மாதத்திலே, ஒக்டோபர் 30ஆந் திகதி இரவு, வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தது. அடுத்த ஆண்டு நாங்கள் திரும்பி வந்தபோது மேசையும் இல்லை; இலாச்சியும் இல்லை. அந்தப் பையனை நான் பிறகு காணவில்லை. அவன் குடும்பம் எங்கே போயிற்று என்று சொல்வாரும் இல்லை.

வில்லையைப் பறித்தது பெரும் பிழையன்று; தீ விளையாட்டுக்குரியதன்று. கேள்விக்கு விடை சொல்லாமையும் பெரும் பிழையன்று. "எனக்குத் தெரியாது, வா, இரண்டுபேருமாய்ப் பார்ப்போம்" என்று சொல்லாமையே பிழை. அதைச் சொல்வதற்கு விஞ்ஞானப் பட்டம் வேண்டியதில்லை. சலீம் அலியின் மாமனுக்கும் குருவியின் பெயர் தெரியாது. அவர் கேள்வியை அடக்கவில்லை, அவ்வளவுதான்.

சூரிய குடும்பம் இப்பொழுது அலுமாரியின்மேலே இருக்கிறது. அதன் மின்கலம் தீர்ந்துவிட்டது. பேரனுக்கு நான் பிறகு ஒரு கைவில்லை வாங்கிக் கொடுத்தேன். சென்ற கிழமை தேசிமரத்தடியிலே நின்று, "அம்மப்பா, கொம்பு நீட்டினாப்பிறகு அதை எங்கை ஒளிச்சு வைக்குது?" என்று கேட்டான். எனக்குத் தெரியாது என்றேன். இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். இன்னும் தெளிவாகத் தெரியவில்லை. நாளையும் பார்க்கப் போகிறோம்.

பிள்ளைக்கு என்ன வாங்கிக் கொடுக்கலாம் என்று கேட்கும் நேயர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். சிறியதாய் வாங்குங்கள், பிள்ளையின் கை வேலை செய்யக்கூடியதாய் வாங்குங்கள், வாங்கிக் கொடுத்துவிட்டு எழுந்து போகாமற் சிறிதுநேரம் அருகில் இருங்கள்.